ஒரே மைக், இரண்டு மிக்சர்: ஒய் கேபிள் போட்டால் போதுமா?

கேள்வி, மார்ச் 4, இரவு 9.40

எட்டு மைக் வைத்து ஓர் இசை நிகழ்ச்சி, பாதி ஷூர் எஸ்.எம்.58. அரங்கத்து ஸ்பீக்கருக்கு அவர்களுடைய மிக்சர். ரெக்கார்டிங்குக்குத் தனியாக என் இன்டர்ஃபேஸும் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) லேப்டாப்பும். ஒவ்வொரு மைக்கிலும் ஒரு முனை இரண்டு காலாகப் பிரியும் ஒய் கேபிள் போட்டு இரண்டு பக்கமும் அனுப்பலாம் என்று இருக்கிறேன். அங்கே சவுண்ட் பார்ப்பவர், "அப்படிப் பிரித்தால் சத்தம் பாதியாகிவிடும், மைக்கும் கெட்டுப்போகும், நான் விடமாட்டேன்" என்கிறார். உண்மையா? ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்ப்ளிட்டர் (மைக்கைப் பிரித்துத் தரும் பெட்டி) வாங்கித்தான் ஆகவேண்டுமா? நிகழ்ச்சிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

பதில், மார்ச் 4, இரவு 11.15

மைக் என்ன பூர்வீகச் சொத்தா, பாகம் பிரித்ததும் ஆளுக்குப் பாதி ஆக? பாதியாகாது. மைக்கும் கெடாது.

கணக்கு இதுதான். மைக்கின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஒலி சிக்னலுக்கு அது காட்டும் தடை) 150 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிக்சரின் மைக் உள்ளீடு 2,000 ஓம். ஒரே ஒரு மிக்சர் இருக்கும்போதே மைக் தரும் வோல்டேஜில் 0.6 டெசிபல் போய்விடுகிறது. அதை யாரும் இழப்பு என்று சொல்வதில்லை. இரண்டாவது மிக்சரை இணையாகப் போட்டால் மைக்குக்குத் தெரியும் சுமை 1,000 ஓம். அப்போது இழப்பு 1.2 டெசிபல். ஆக, பிரித்ததால் கூடுதலாகப் போனது 0.6. மைக் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று சொல்லும் கெயின் குமிழை மயிரிழை அளவு திருப்பினால் சரியாகிவிடும்.

அவர் சொல்வது எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க முடிகிறது: டிவி ஆன்டெனா கேபிள். அங்கே 75 ஓமுக்கு 75 ஓம் பொருத்தி ஆற்றலைக் கடத்துகிறார்கள். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதி ஆற்றல்தான். 3 டெசிபலுக்கு மேல் குறையும். மைக்கில் நாம் ஆற்றலைக் கறப்பதில்லை, வோல்டேஜை எட்டிப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

ஒய் கேபிள் போதும். ட்ரான்ஸ்ஃபார்மர் ஸ்ப்ளிட்டர் விற்பவருக்கு நல்லது.

மார்ச் 5, காலை 7.20

ராத்திரி படுத்த பிறகு உறுத்தியது. 150 ஓம் என்று எழுதினேன். உங்கள் பட்டியலில் பாதி மைக் ஷூர் எஸ்.எம்.58. அதன் விவரத் தாளில் "150 ஓம் வகை, உண்மை அளவு 300 ஓம்" என்றுதான் இருக்கும். 300 வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு மிக்சருக்கு 1.2, இரண்டு மிக்சருக்கு 2.3 டெசிபல் இழப்பு. வித்தியாசம் 0.6 இல்லை, 1.1.

அதுவும் ஒன்றுமில்லைதான். ஆனால் ஒரு விஷயம். நிகழ்ச்சி நடுவில் ரெக்கார்டிங் பக்கம் யாராவது ஒரு கேபிளைப் பிடுங்கினால் அந்த மைக் அரங்கத்தில் அதே 1.1 டெசிபல் ஏறும். ஹவுஸ் ஆள், அதாவது அரங்கத்து மிக்சர் பார்ப்பவர், மைக் கத்துவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தி வைத்திருந்தால், அந்த மயிரிழையை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். பாடகர் நடுவில் நிற்கிறார், மைக் கத்துகிறது, எல்லாரும் ஹவுஸ் ஆளைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் "விடமாட்டேன்" என்று சொன்னதன் காரணம் தப்பு. பயம் முழுக்கத் தப்பில்லை.

மூன்றாவதாக, மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்கவைக்கும் மானிட்டர் மிக்சரும் சேர்ந்தால் சுமை 667 ஓம். எஸ்.எம்.58-க்கு மொத்தக் கூடுதல் இழப்பு 2 டெசிபல். மூன்று வழிவரை ஒய் போட்டு ஓட்டியிருக்கிறேன். நான்காவது கேட்டால் நானே விடமாட்டேன்.

மார்ச் 5, காலை 7.45

ரிப்பன் மைக் (உள்ளே மெல்லிய உலோகப் பட்டை அதிரும் வகை) இருந்தால் மேலே சொன்னது பொருந்தாது. ரிப்பனுக்கு அலைவரிசைதோறும் இம்பீடன்ஸ் மாறும், சுமை கூடினால் குரலின் அடிப்பகுதி மெலிகிறது. காதுக்கே தெரியும். ரிப்பனைப் பிரிக்காதீர்கள்.

மார்ச் 5, இரவு 10.05

"அண்ணா, அதே ஒய் கேபிளைத் திருப்பிப் போட்டு இரண்டு மைக்கை ஒரே சேனலில் விடலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம் தம்பி. ஒரு மைக் இரண்டு மிக்சரைப் பார்ப்பது வேறு, இரண்டு மைக் ஒன்றையொன்று பார்ப்பது வேறு. முதலாவதில் 150 ஓம் மைக் 1,000 ஓமைச் சுமக்கிறது. இரண்டாவதில் ஒவ்வொரு மைக்கும் எதிரே இருக்கும் இன்னொரு 150 ஓமைச் சுமக்கவேண்டும். 6 டெசிபல் போய்விடும், அதாவது வோல்டேஜில் சரிபாதி. ஹவுஸ் ஆள் சொன்ன "பாதி" எங்கே இருக்கிறது என்று இப்போது கண்டுபிடித்தாயிற்று. அவர் எப்போதோ கேபிளைத் திருப்பிப் போட்டுச் சூடு கண்டவராக இருக்கலாம்.

மார்ச் 6, மாலை 6.30

மைக் கேபிள் வழியாகவே மிக்சர் மைக்குக்குத் தரும் 48 வோல்ட், அதாவது ஃபேண்டம் பற்றிக் கேள்வி கேட்டவர் எதுவும் சொல்லவில்லை, நானும் விட்டுவிட்டேன். எட்டில் மூன்று கண்டென்சர், ஃபேண்டம் இல்லாமல் ஓடாத வகை, என்று இப்போது சொல்கிறார். அப்படியானால் ஹம்மைவிட (மின்சார உறுமல்) இதுதான் முதலில் தலைவலி தரும்.

ஒரு மைக்குக்கு ஒரே ஒரு மிக்சர்தான் 48 வோல்ட் கொடுக்கவேண்டும், எது கொடுப்பது என்பதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். 48 வோல்ட் இரண்டு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகத்தான் மைக்குக்குப் போகிறது, மைக் கேபிளின் மூன்று பின்னில் சிக்னல் போகும் 2-ஆம் பின்னுக்கு ஒன்று, 3-ஆம் பின்னுக்கு ஒன்று. 4 மில்லி ஆம்பியர் இழுக்கும் மைக்கை மாட்டினால் மைக்குக்குக் கிடைப்பது 34 வோல்ட் சொச்சம். இரண்டு மிக்சரும் கொடுத்தால் 41. எதுவும் எரியாது. பிரச்சினை அதற்கு மாறானது: இரண்டாவது மிக்சர் ஃபேண்டத்தை அணைத்ததும் அந்த ரெசிஸ்டர்களைக் கிரவுண்டோடு இணைக்கும் வடிவமைப்பாக இருந்தால், முதல் மிக்சர் தரும் 48 அங்கே கசிகிறது. அதே மைக்குக்கு 17 வோல்ட்தான் மிஞ்சும். சில கண்டென்சர்கள் அதிலும் ஓடும், ஆனால் உரத்துப் பாடும் இடத்தில் கரகரக்கும். ஒத்திகையில் மெல்லப் பாடும்போது எல்லாம் சரியாக இருந்து, நிகழ்ச்சியில் பாடகர் குரல் எழுப்பும்போது உடைகிற வகைக் கோளாறு இது. எல்லாக் கோளாறிலும் எனக்குப் பிடிக்காத வகை.

யார் கொடுப்பது? ஹவுஸ். எப்போதும் ஹவுஸ். லேப்டாப் உறைந்து இன்டர்ஃபேஸ் அணைந்தால் ரெக்கார்டிங் போகும், பரவாயில்லை. அதோடு சேர்ந்து மேடையில் மூன்று மைக்கும் செத்துப்போனால் உங்களை அடுத்த தடவை உள்ளே விடமாட்டார்கள்.

இன்டர்ஃபேஸில் இன்னொரு சிக்கல். சின்ன இன்டர்ஃபேஸ்களில் ஒவ்வொரு சேனலுக்கும் தனி 48 வோல்ட் சுவிட்ச் இருக்காது, நான்கு சேனலுக்கு ஒன்று. பார்வையாளர் பக்கம் நீங்கள் தனியாக வைக்கும் கண்டென்சருக்கு உங்கள் ஃபேண்டம்தான் வேண்டும். ஆகவே பங்குபோட்ட மைக்கெல்லாம் 1 முதல் 4, உங்கள் சொந்த மைக் 5 முதல் 8. எட்டு மைக்கையும் பிரித்துவிட்டுப் பார்வையாளர் மைக்கையும் சேர்க்க நினைத்தால் சேனல் போதாது. இதற்குக் கீழே மறுபடி வருகிறேன்.

மார்ச் 6, மாலை 6.50

48 வோல்ட் போடும்போதும் எடுக்கும்போதும் மற்றவர் சேனல் மியூட்டில் இருக்கவேண்டும் என்று எழுத மறந்துவிட்டேன். உங்கள் பக்கம் "டொப்" என்று மீட்டரில் ஒரு கோடு. அவர் பக்கம் அரங்கமே அதிரும்.

மார்ச் 8, இரவு 11.40

"ட்ரான்ஸ்ஃபார்மர் விற்பவருக்கு நல்லது என்று எகத்தாளம் பேசினீர்களே, ஹம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 4-ஆம் தேதி எழுதியபோது நான் எல்லாம் ஒரே மேஜையில், ஒரே பவர் பட்டையில் இருக்கும் ரெக்கார்டிங்கை நினைத்துக்கொண்டு எழுதினேன். எனக்கே நடந்ததைச் சொல்கிறேன்.

மேடையில் ஹவுஸ் மிக்சரின் ஸ்டேஜ் பாக்ஸ், மைக் கேபிள்களைச் செருகும் பெட்டி. ரெக்கார்டிங்குக்கு எங்களுக்குக் கிடைத்தது மேடைக்குப் பின்னால் ஓர் அறை. அறையில் ஒரு பிளக் பாயின்ட். பன்னிரண்டு ஒய் கேபிள் போட்டு, பல மைக் கம்பிகள் ஒரே உறைக்குள் போகும் மல்ட்டி கேபிளை இழுத்து, மிக்சரைப் போட்டேன். அரங்கத்து ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல் எழுந்தது. ஹவுஸ் ஆள் என்னைப் பார்த்தார். என் மிக்சரில் ஃபேடர்களை (சேனல் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளு குமிழ்கள்) இறக்கினேன், உறுமல் குறையவில்லை. மிக்சரையே அணைத்தேன், அப்போதும் குறையவில்லை. மல்ட்டியைக் கழற்றினேன், நின்றது.

அந்த அறையின் மின்சாரம் வேறு சுற்றில் இருந்து வந்தது. இரண்டு சுற்றின் எர்த்தும் எங்கோ தூரத்தில் சந்திக்கின்றன, நடுவில் சின்ன வோல்டேஜ் வித்தியாசம். ஒய் கேபிளின் 1-ஆம் பின், அதாவது கவசம், இரண்டு மிக்சரின் சேஸிஸையும் (உலோகக் கூடு) நேரடியாகக் கட்டிப்போட்டது. அதனால் வளையம் மூடிக்கொண்டது, கவசக் கம்பியில் 50 ஹெர்ட்ஸ் ஓடியது. நான் மிக்சரை அணைத்தும் நிற்காததற்குக் காரணம், வளையத்துக்கு மிக்சர் ஓடவேண்டிய அவசியமே இல்லை, எர்த் கம்பி மாட்டியிருந்தால் போதும்.

கவசத்தில் ஓடும் மின்னோட்டம் ஒழுங்காகச் சேஸிஸில் இறங்கினால் பாதிப் பிரச்சினை இல்லை. சில கருவிகளில் 1-ஆம் பின் முதலில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டின் கிரவுண்டுக்குப் போய், அப்புறம்தான் சேஸிஸுக்கு வரும். அப்போது ஹம் நேரே ஒலிப்பாதைக்குள் நுழைகிறது. ஒலிப் பொறியாளர் நீல் மன்சி 1995-இல் எழுதிய கட்டுரையிலிருந்து இதற்குப் பெயரே "பின் 1 சிக்கல்". இரண்டு மிக்சரில் ஒன்று மட்டும் உறுமினால் உறுமுகிற பெட்டியின் மேல் எனக்குச் சந்தேகம் வரும்.

அன்று செய்தது: என் பக்கம் போகும் காலில் 1-ஆம் பின் கம்பியை வெட்டினேன். பன்னிரண்டு கேபிளிலும். கனெக்டரைத் திருகிக் கழற்றி, உள்ளே கவசம் முறுக்கிப் பற்றவைத்த இடத்தில் ஒரு நறுக்கு, முனை எதிலும் படாமல் டேப், திரும்ப மூடு. 2-உம் 3-உம் அப்படியே இருந்தன. ஃபேண்டம் ஹவுஸிலிருந்து வந்ததால் அதற்குக் குந்தகம் இல்லை. ஆறாவது கேபிளிலேயே உறுமல் கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது, பிடிவாதத்தில் பன்னிரண்டையும் முடித்தேன்.

இரண்டு மாதம் கழித்து வேறு இடம். கண்டென்சர் மைக், நேராக ஒரே மிக்சர், 48 வோல்ட் போட்டாயிற்று, சத்தமே இல்லை. மைக்கை மாற்றினேன். சேனலை மாற்றினேன். ஃபேண்டத்தை மீட்டர் வைத்து மிக்சரின் பின்பக்கத்திலேயே அளந்தேன், 48 இருக்கிறது. அரை மணி நேரம். அவசரத்தில் நீளம் பற்றாமல் பெட்டியிலிருந்து ஓர் ஒய் கேபிளை எடுத்து நீட்டிப்பாகப் போட்டிருக்கிறேன், அதுவும் வெட்டிய கால் வழியாக. 48 வோல்ட் திரும்பிவர 1-ஆம் பின் வேண்டும், அது இல்லை. அன்றிரவு பன்னிரண்டு கேபிளிலும் சிவப்பு டேப் சுற்றி "1 இல்லை" என்று எழுதினேன்.

வெட்டினால் சிவப்பு டேப் சுற்றுங்கள். வெட்டுவதற்கு முன்னால் சுற்றுங்கள்.

மார்ச் 9, காலை 6.55

"கேபிளை ஏன் வெட்டவேண்டும், மிக்சரின் பவர் பிளக்கில் எர்த் பின்னை டேப் ஒட்டி மறைத்தால் ஹம் போய்விடுமே" என்று எழுதியிருப்பவருக்கு: போய்விடும். அந்தப் பெட்டிக்குள் ஒரு கம்பி கழன்று உலோகத்தில் பட்டால், சேஸிஸுக்கு வரும் மின்சாரம் இறங்க வேறு வழி தேடும். மைக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் கிதார் கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்பவர்தான் அந்த வழி. 1-ஆம் பின்னை ரெக்கார்டிங் பக்கத்துக் காலில் வெட்டுங்கள். பவர் எர்த்தைத் தொடாதீர்கள். இதில் விவாதம் கிடையாது, பதில் எழுதினாலும் படிக்கமாட்டேன்.

மார்ச் 9, இரவு 9.30

சரி, ட்ரான்ஸ்ஃபார்மர். எகத்தாளத்தைத் திரும்பப் பெறுகிறேன், முழுக்க இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்றால்: மைக் வந்து சேருகிறது, நேரடி வெளியீடு ஒன்று கம்பிக்குக் கம்பி அப்படியே போகிறது, இன்னொன்று 1-க்கு-1 ட்ரான்ஸ்ஃபார்மர் சுருள் வழியாகப் போகிறது. இரண்டு சுருளுக்கும் நடுவில் செம்பு இல்லை, காந்தப் புலம்தான். எர்த் வித்தியாசம் அங்கே நின்றுவிடும். அந்தப் பக்கம் ஒரு கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கும், நான் கத்தரிக்கோல் வைத்துச் செய்ததை அது விரல் நுனியில் செய்கிறது. நேர்மின்சாரம் ட்ரான்ஸ்ஃபார்மரைத் தாண்டாது, எனவே 48 வோல்ட் நேரடிப் பக்கத்திலிருந்து மட்டுமே மைக்குக்குப் போக முடியும். யாராவது தப்பிப்போய் ரெக்கார்டிங் பக்கம் ஃபேண்டத்தை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. 6-ஆம் தேதி நான் பக்கம் பக்கமாக எழுதிய ஃபேண்டம் ஒப்பந்தம் இங்கே பெட்டிக்குள்ளேயே கையெழுத்தாகிவிடுகிறது.

அது தராததும் ஒன்று உண்டு. சுமை குறையாது. எதிர்ப்பக்கத்து 2,000 ஓம் சுருள் வழியாக அப்படியே இந்தப் பக்கம் தெரியும். எதிர்ப்பக்கம் ஷார்ட் ஆனால் இந்தப் பக்கமும் விழும். நிறையப் பேர் "ஐசொலேட்டட்" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு எல்லாவற்றிலிருந்தும் காப்பு என்று நினைக்கிறார்கள்.

விலை மலிவான ட்ரான்ஸ்ஃபார்மர் கிக் டிரம்மில் தெரிந்துவிடும். தாழ்ந்த அலைவரிசையில் லெவல் கூடினால் இரும்பு நிறைந்துபோகும், "தும்" என்பது "தப்" ஆகும். ஜென்சன், லுண்டால் கம்பெனிகளின் சுருள்களுக்கு அந்த விலை சும்மா இல்லை. ரேடியல் ஜே.எஸ்.2 மாதிரிப் பெட்டியைப் பாடகர் மைக்குக்கு ஒன்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஒய்-யில் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு முழு ஒய் இருந்தாலும் இரண்டு சேஸிஸும் கட்டப்பட்டுவிடும். ஹம்முக்காக வாங்குவதென்றால் எட்டும் வாங்கவேண்டும், இல்லையென்றால் மற்ற ஏழிலும் 1-ஐ வெட்டவேண்டும்.

ஆக்டிவ் ஸ்ப்ளிட்டர் தனி ரகம். கிளார்க் டெக்னிக் டி.என்.1248 போன்றவற்றில் உள்ளேயே முன்பெருக்கி, அதாவது மைக் சிக்னலை முதலில் பெருக்கும் சர்க்யூட். மைக் பார்ப்பது அதை மட்டும்தான். அங்கே ஒருவர் கேபிள் பிடுங்கினாலும் இன்னொருவருக்குத் தெரியாது. பவர் போனால் எல்லாருக்கும் போகும், அதனால்தான் அந்தப் பெட்டியில் பவர் சப்ளை பற்றி முதலில் கேட்பார்கள்.

மார்ச் 9, இரவு 9.50

கேபிள் நீளம் பற்றி: மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் வைத்தால் இரண்டு காலும் சேர்த்து 100 மீட்டருக்கு 10 நானோ. 200 ஓம் மைக்கோடு அது உயர்ந்த அலைவரிசைகளை வெட்டத் தொடங்குவது 80 கிலோ ஹெர்ட்ஸில். வௌவால் கச்சேரி என்றால் கவலைப்படலாம்.

மார்ச் 10, பிற்பகல் 1.10

"மிக்சரின் இன்சர்ட் ஓட்டையில் (வெளிக் கருவியை ஒலிப்பாதை நடுவில் சேர்க்கும் இடம்) ஜாக்கைப் பாதி செருகினால் சிக்னல் வெளியே வரும், ஒய்-யே வேண்டாம்." ஆமாம், பழைய அனலாக் மிக்சர்களில் முதல் "க்ளிக்"வரை செருகினால் ஒலிப்பாதை அறாமல் சிக்னல் கிடைக்கும். நானும் ஓட்டியிருக்கிறேன். ஒரு நிகழ்ச்சியில் ஹவுஸ் ஆள் மிக்சருக்குப் பின்னால் விழுந்த பேனாவை எடுக்கக் கையை விட்டார், ஒரு ஜாக் முழுக்க உள்ளே போயிற்று. அரங்கத்தில் பாடகர் குரல் போய்விட்டது, என் ரெக்கார்டிங்கில் மட்டும் அருமையாக இருந்தது. பாடகர் சட்டென்று நிறுத்தி "கேட்கிறதா?" என்று கேட்பது அதில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

மார்ச் 11, இரவு 10.30

ஹவுஸ் மிக்சர் டிஜிட்டல் என்று கேள்வி கேட்டவர் இன்றைக்குச் சொல்கிறார். ஏழு நாள் ஒய் கேபிளைப் பற்றி எழுதவைத்துவிட்டு!

பெஹ்ரிங்கர் எக்ஸ்32 வகை மிக்சர் என்றால் ஒரே யூ.எஸ்.பி கேபிளில் 32 சேனல் தனித்தனியாக லேப்டாப்புக்கு வரும். ஹம் இல்லை, சுமை இல்லை, வெட்டவேண்டியதில்லை. அப்படியானால் இந்த இழையை மூடிவிடலாமா? மூட முடியாததற்குக் காரணம் கெயின்.

மைக்கைக் கம்பியில் பிரித்தால் உங்கள் முன்பெருக்கி உங்களுடையது. டிஜிட்டலில் பிரித்தால் முன்பெருக்கி ஒன்றுதான், அதன் குமிழ் ஹவுஸ் ஆள் கையில். ஒத்திகையில் பாடகர் ‑18 டெசிபலில் அழகாக உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பாட்டில் கூட்டம் இரைந்தது, ஹவுஸ் ஆள் ஃபேடரை ஏற்றுவதற்குப் பதிலாகக் கெயினை 10 டெசிபல் ஏற்றினார், உச்சஸ்தாயியில் எனக்குச் சிவப்பு. கிழிந்தது கிழிந்ததுதான், வீட்டில் உட்கார்ந்து எதுவும் செய்யமுடியாது. அவர்மேல் கோபப்பட்டேன். பிறகு யோசித்தால், அவர் தன் வேலையைத்தான் பார்த்தார். கெயினைத் தொடாதீர்கள் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. மிக்சருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

யமஹா சி.எல், க்யூ.எல் வரிசையில் கெயின் ஈட்டு வசதி இருக்கிறது. முன்பெருக்கியைத் திருப்பினால் நெட்வொர்க்குக்குப் போகும் பக்கத்தை டிஜிட்டலில் அதே அளவு இறக்கி லெவலை அப்படியே வைக்கும். ஆனால் முன்பெருக்கியே அலையின் உச்சியை வெட்டிவிட்டால் இதுவும் உதவாது. வெட்டிய அலையைச் சின்னதாக்கித் தரும்.

யூ.எஸ்.பி-க்கு எந்த இடத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். எக்ஸ்32-இல் உள்ளீட்டை எட்டெட்டாக நேரே யூ.எஸ்.பி கார்டுக்கு அனுப்பினால் முன்பெருக்கி முடிந்த கையோடு வரும், ஈக்யூவோ ஃபேடரோ தொடாது. அதை விட்டுவிட்டு மெயின் மிக்ஸை இரண்டு சேனலாகப் பதிவு செய்தால் குரல் முகத்தில் அறையும், டிரம் தெருமுனையில் கேட்கும். அரங்கத்தில் டிரம் தானாகவே கேட்பதால் மிக்சரில் அதை யாரும் ஏற்றியிருக்கமாட்டார்கள்.

மார்ச் 11, இரவு 10.55

மேலே எழுதியதிலிருந்து ஒன்று தோன்றுகிறது, 6-ஆம் தேதி விட்ட சேனல் கணக்குக்கும் இதுதான் விடை. அரங்கத்தில் தேவைப்படாத மைக்கை எதற்குப் பிரிக்கவேண்டும்? டிரம்முக்கு மேலே இருக்கும் இரண்டு மைக்கும் ரெக்கார்டிங்குக்காக நீங்கள் கேட்டவை, ஹவுஸ் அவற்றைத் திறக்கவே போவதில்லை. அவற்றை நேராக உங்கள் இன்டர்ஃபேஸில் மாட்டுங்கள். ஒய் எட்டிலிருந்து ஆறாயிற்று. பாடகரும் வயலினும் பேஸும் கட்டாயம் பிரிக்கவேண்டியவை. மற்ற மூன்றைப் பற்றி ஹவுஸ் ஆளிடமே கேளுங்கள், இரண்டில் அவருக்கு அக்கறை இருக்காது. இதைச் சொல்ல ஏன் ஒரு வாரம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 12, இரவு 8.15

கேள்வி கேட்டவர் ஹவுஸ் ஆளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். டிஜிட்டல் மிக்சர்தான், ஆனால் யூ.எஸ்.பி கார்டு கழற்றப்பட்டிருக்கிறது. ஆக மறுபடி ஒய். நான்கு மைக் பிரிக்கிறார்கள். ஹவுஸ் ஆள் ஒத்துக்கொண்டார், இரண்டு நிபந்தனை: ஃபேண்டம் அவர் கையில், நிகழ்ச்சி முடிந்து அவர் மியூட் போட்டுக் கையைக் காட்டும்வரை எவரும் ஒரு கேபிளையும் கழற்றக்கூடாது. மனிதர் வேலை தெரிந்தவர். "பாதி" விவகாரத்தைக் கிளறாதீர்கள்.

மார்ச் 14, மாலை 4.20

சவுண்ட் செக்கிலிருந்து அவசரச் செய்தி: ரெக்கார்டிங்கில் மட்டும் ஹம், அரங்கத்தில் இல்லை. மூன்று கேள்வி கேட்டேன். 1-ஐ வெட்டினீர்களா? இல்லை, பயமாக இருந்தது. இன்டர்ஃபேஸ் எதிலிருந்து பவர் எடுக்கிறது? லேப்டாப்பின் யூ.எஸ்.பி. லேப்டாப் சார்ஜரில் மூன்று பின்னா? ஆமாம்.

சார்ஜரைப் பிடுங்கச் சொன்னேன். நின்றுவிட்டதாம். அந்த மூன்றாவது பின்தான் வளையத்தின் மூடும் கண்ணி: ஹவுஸ் எர்த், ஒய் கேபிளின் கவசம், இன்டர்ஃபேஸ், யூ.எஸ்.பி, லேப்டாப், சார்ஜர், திரும்பவும் எர்த். லேப்டாப் பாட்டரியில் ஓடினால் வளையம் இல்லை. பாட்டரி எவ்வளவு தாங்கும் என்று கேட்டேன். "ரெண்டு மணி நேரம் வரும் அண்ணா" என்றார். திரை வெளிச்சத்தைக் குறைத்து, வைஃபையை அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னேன்.

மார்ச் 15, காலை 9.00

ஓட்டியிருக்கிறார்கள். கடைசிக்கு முந்தைய பாட்டு முடியும்போது பாட்டரி 4 சதவீதம். கைதட்டல் நடக்கையில் சார்ஜரைச் செருகியிருக்கிறார். எனவே கடைசிப் பாட்டில் மட்டும் உறுமல் இருக்கிறது, பாட்டரி செத்து மொத்தமும் போகாமல் இருந்ததற்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கோப்பு வந்தது, கேட்டேன். கைதட்டல் அடங்கிப் பாடகர் வாய் திறப்பதற்கு முன்னால் ஏறக்குறைய மூன்று விநாடி வெறும் உறுமல் தனியாகக் கிடைக்கிறது. அதை மாதிரியாகக் கொடுத்து இரைச்சலை நீக்குங்கள். அதற்குமுன் 50, 100, 150 ஹெர்ட்ஸில் ஊசி மாதிரி மெல்லிய வெட்டு மட்டும் போட்டுப் பாருங்கள், அதிலேயே முக்கால்வாசி போய்விடும். பேஸ் தடத்தில் 50-ஐத் தொடவேண்டாம், அங்கே ஹம்மும் பேஸும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன. 100, 150 மட்டும்.

டிரம்முக்கு மேலே இருக்கும் இரண்டு தடத்திலும் ஹம்மே இல்லை, கவனித்தீர்களா? அவைதான் ஒய் போடாமல் நேராக வந்தவை.